ஒரு பழைய சிடியும் முப்பரிமாண வலையின் கதையும்

போன மாதம் வீடு மாற்றும்போது பழைய சிடி பை ஒன்று கையில் சிக்கியது. அம்பது அறுபது சிடி இருக்கும். பாதிக்கு மேல் படிக்கவே இல்லை. சிலவற்றில் வெள்ளிப்பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. படித்த ஒன்றிரண்டில் "ரூம்" என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஒரே ஒரு கோப்பு. தேதி 1999 செப்டம்பர். அளவு 41 கேபி. எக்ஸ்டென்ஷன் 'டபிள்யூஆர்எல்'.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் ஹாஸ்டல் அறையை முப்பரிமாணத்தில் செய்திருந்தேன். எந்த டிசைன் மென்பொருளும் கிடையாது. நோட்பேடில் வரி வரியாகத் தட்டியது. அளவெடுக்க டேப் கிடைக்காமல் எஞ்சினியரிங் டிராயிங் ஸ்கேலை வைத்தே கட்டில், மேஜை, ஜன்னல் எல்லாவற்றையும் அளந்தோம்.

இப்போது திறக்குமா என்று சந்தேகம்தான். ஆனால் 'கேஸில் மாடல் வியூவர்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் போட்டேன். ஒரு நொடியில் அறை வந்து நின்றது. மூன்று கட்டில், மூன்று மேஜை, கம்பி போட்ட ஜன்னல். மேலே ஃபேன், அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் இல்லை. சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த சச்சின் படம், காலண்டர், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரின் புகைப்படம் எதையும் காணோம். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் படங்களை அப்போது ஒரு இலவச இணையதள சேவையில் ஏற்றிவிட்டு, கோப்புக்குள் அவற்றின் இணைய முகவரியை மட்டும் எழுதியிருந்தேன். அந்தச் சேவை மூடிப் பல வருஷம் ஆகிறது.

கோப்புக்குள் நானே எழுதியதெல்லாம் இருபத்தைந்து வருஷம் தாண்டியும் அப்படியே இருக்கிறது, இன்னொருவர் சர்வரை நம்பி விட்டதெல்லாம் போய்விட்டது. இது என் அறைக்கு மட்டும் நடந்ததா, இல்லை அந்தக் காலத்து முப்பரிமாண இணையம் முழுவதற்குமே இதுதான் கதையா? இந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் பழைய ஆவணங்களைப் புரட்டினேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்து எழுதுகிறேன்.

ஜெனீவா, 1994

1994 மே மாதக் கடைசி. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலைக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தது. மொசைக் பிரவுசர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுத்து, படம், கிளிக் செய்தால் வேறு பக்கம். வலை என்றால் அவ்வளவுதான். இன்னொரு பக்கம் 1993 டிசம்பரில் 'டூம்' விளையாட்டு வந்து, சாதாரண வீட்டுக் கணினியிலேயே அறை அறையாக ஓடித் திரியலாம் என்று காட்டியிருந்தது. இரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன என்று பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த மார்க் பெஸ்ஸியும் டோனி பாரிஸியும் அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 1994 தொடக்கத்தில் 'லாபிரின்த்' என்று ஒரு முன்மாதிரி எழுதினார்கள். வலையிலிருந்து முப்பரிமாணப் பொருளைக் கொண்டுவந்து திரையில் காட்டும். அந்தப் பொருளைச் சொடுக்கினால் ஒரு வலைப்பக்கம் திறக்கும். பெஸ்ஸி இதைப் பற்றிய கட்டுரையை ஜெனீவா மாநாட்டில் வாசித்தார்.

அதே மாநாட்டில் எச்பி ஆய்வகத்தின் டேவ் ராகெட்டும் இதே யோசனையோடு வந்திருந்தார். எச்டிஎம்எல் வளர்ச்சியில் பெரிய பங்குள்ளவர். அவரும் டிம் பெர்னர்ஸ்-லீயும் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி ஒரு சிறு கூட்டம் போட்டார்கள். 'விஆர்எம்எல்' என்ற பெயரை வைத்தவர் ராகெட்தான். முதலில் அதில் இருந்த 'எம்', எச்டிஎம்எல்லில் இருப்பது போலவே 'மார்க்கப்' என்பதைக் குறித்தது. பிறகுதான் அதை 'மாடலிங்' என்று மாற்றினார்கள்.

கூட்டம் முடிந்ததும், 'வயர்டு' பத்திரிகையின் இணையதளத்தில் வேலை செய்த பிரையன் பெலெண்டார்ஃப் ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கிக் கொடுத்தார். சில வாரங்களிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். இந்த பெலெண்டார்ஃப்தான் பிறகு அப்பாச்சி வெப் சர்வரைத் தொடங்கிய குழுவிலும் இருந்தவர்.

புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்

ஆயிரம் பேர் ஒரு மொழியை வடிவமைக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், பத்து வருஷம் ஆனாலும் முடியாது. இவர்களுக்கு அது புரிந்திருந்தது. அதனால் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தார்கள். பல முன்மொழிவுகளில் தேறியது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் 'ஓப்பன் இன்வென்டர்'.

'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்களை வரையப் பயன்பட்ட கணினிகள் இந்தக் கம்பெனியுடையவைதான். முப்பரிமாணக் காட்சியை எழுத்துக் கோப்பாகச் சேமிக்க இன்வென்டரில் ஒரு வழி இருந்தது. அங்கே பொறியாளராக இருந்த கேவின் பெல் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, வலைக்குத் தேவையான இரண்டொன்றைச் சேர்த்து வரைவு எழுதினார். கம்பெனியும் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. 1994 அக்டோபரில், சிகாகோவில் நடந்த இரண்டாவது வலை மாநாட்டில் வரைவு தயார். 1995 மே மாதம் விஆர்எம்எல் 1.0 முழு வடிவில் வெளிவந்தது. ஆசிரியர்கள் பெல், பாரிஸி, பெஸ்ஸி மூவரும்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கும்? உள்ளே எல்லாமே சாதாரண எழுத்துதான். பெட்டி, கோளம், உருளை, கூம்பு என்று நாலு அடிப்படை வடிவங்கள். பெட்டி என்றால் அகலம், உயரம், ஆழம். கோளம் என்றால் ஆரம். அளவு மீட்டரில். பிறகு நிறம், எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும். இதற்கெல்லாம் அடங்காத உருவத்துக்குப் புள்ளிகளின் பட்டியலைக் கொடுத்து, எந்தப் புள்ளியை எதோடு சேர்க்க வேண்டும் என்று எழுதலாம். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால், அடுத்த முறை பெயரைச் சொன்னால் போதும். எங்கள் அறையில் நான் ஒரு கட்டிலைத்தான் செய்தேன். மற்ற இரண்டும் "அதே கட்டில், இரண்டு மீட்டர் தள்ளி" என்று ஒரு வரி.

வலைக்காகச் சேர்த்தவைதான் சுவாரஸ்யம். ஒன்று, இணைப்பு: கதவைச் சொடுக்கினால் வேறொரு உலகத்துக்கோ வலைப்பக்கத்துக்கோ போகலாம். இன்னொன்று, உள்ளிணைப்பு: உங்கள் அறையில் போட ஒரு நாற்காலி வேண்டும், ஜப்பானில் யாரோ அழகாக ஒன்று செய்து வைத்திருக்கிறார். அதன் முகவரியை எழுதினால் போதும், உங்கள் அறைக்குள் அது வந்து உட்கார்ந்துவிடும். உலகம் பூராவும் உள்ள சர்வர்களிலிருந்து துண்டு துண்டாக வந்து சேரும் ஒரே பெரிய வெளி. அவர்கள் கனவு இதுதான். என் அறையின் சுவர் காணாமல் போனதும் இதே ஏற்பாட்டால்தான்.

பார்க்க ஒரு ஜன்னல் வேண்டுமே

கோப்பு வடிவம் வந்துவிட்டது, பார்க்க மென்பொருள்? 1995 ஏப்ரலில் சிலிக்கான் கிராஃபிக்ஸும் டெம்ப்ளேட் கிராஃபிக்ஸும் சேர்ந்து 'வெப்ஸ்பேஸ்' வெளியிட்டன. பாரிஸி தொடங்கிய இன்டர்விஸ்டா நிறுவனம் 'வேர்ல்டுவியூ' கொண்டுவந்தது. பேப்பர் சாஃப்ட்வேர் என்ற சின்னக் கம்பெனி 'வெப்எஃப்எக்ஸ்' எழுதியது. அது நெட்ஸ்கேப்புக்குப் பிடித்துப்போய் 1996-ல் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். வெப்எஃப்எக்ஸ் 'லைவ்3டி' ஆகி நெட்ஸ்கேப் 3.0-வோடு வந்தது. பேப்பர் சாஃப்ட்வேரைத் தொடங்கிய மைக் மெக்கியூ பல வருஷம் கழித்து 'ஃப்ளிப்போர்டு' தொடங்கியவர். மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. வேர்ல்டுவியூவை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 98-ல் ஒரு விஆர்எம்எல் வியூவர் இருந்தது என்று இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

என்னவெல்லாம் செய்தார்கள்? பிளானட் 9 ஸ்டுடியோஸ் 1995-லேயே சான்ஃபிரான்சிஸ்கோவின் ஒரு பகுதியைத் தெருத் தெருவாகக் கட்டி வலையில் போட்டது. 1997-ல் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியபோது, அது இறங்கிய இடத்தின் தரையை நாசா விஆர்எம்எல் மாதிரியாக வெளியிட்டது. கற்களுக்கு நடுவில் மௌஸை வைத்துக்கொண்டு நடந்து போகலாம்.

"நடந்து போகலாம்" என்று எழுதுவது சுலபம், அனுபவம் வேறு மாதிரி. 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் 300 கேபி கோப்பு இறங்க, லைன் நன்றாக இருந்தாலே 85 விநாடி ஆகும். கோப்பை ஜிஜிப் போட்டுச் சுருக்கி அனுப்பலாம் என்பது ஒரு ஆறுதல். இறங்கின பிறகும் தலைவலிதான். வீட்டுக் கணினிகளில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, 3டிஎஃப்எக்ஸின் வூடூ கார்டு வந்ததே 1996 கடைசியில்தான். எல்லாக் கணக்கையும் சிபியூவே போட வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தால் படம் ஒரு விநாடி யோசிக்கும்.

நான் பார்த்தது 'காஸ்மோ பிளேயர்' வழியாக. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது. திரையின் அடியில் கார் டேஷ்போர்டு மாதிரி ஒரு பட்டை: நட, பற, சாய், சுற்றிப் பார். கல்லூரி வாசலில் இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய். முதல் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் நடப்பது ஒன்றுதான்: மௌஸைக் கொஞ்சம் வேகமாக இழுப்போம், வெளியே போய்விடுவோம். சுற்றிலும் கன்னங்கரேல் என்று இருட்டு. உலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர், "என்ன தம்பி, மானிட்டர் போயிடுச்சா?" என்று கேட்டார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது

1.0-ல் எதுவும் அசையாது, மியூசியம் மாதிரி. கதவு திறக்காது, கடிகாரம் ஓடாது. ஆகவே 1996 தொடக்கத்தில் அடுத்த பதிப்புக்கு முன்மொழிவுகள் கேட்டார்கள். ஆறு வந்தன. சிலிக்கான் கிராஃபிக்ஸ் பலரோடு சேர்ந்து தந்த 'மூவிங் வேர்ல்ட்ஸ்', மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ் விஆர்எம்எல்', சன், ஆப்பிள், ஐபிஎம் ஜப்பான், ஜெர்மனியின் ஜிஎம்டி ஆய்வு நிறுவனம் என்று பெரிய தலைகள் எல்லாம் வரிசையில் நின்றன. மின்னஞ்சல் குழுவில் விவாதித்து, ஓட்டெடுத்தார்கள். மூவிங் வேர்ல்ட்ஸ் பெரும்பான்மையோடு ஜெயித்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் வடிவத்தைத் திணிக்கக்கூடிய பலத்தோடு இருந்த காலம் அது. ஆனாலும் ஒரு திறந்த ஓட்டெடுப்பில் தோற்றது.

1996 ஆகஸ்டில் விஆர்எம்எல் 2.0. சில திருத்தங்களோடு 1997-ல் அது ஐஎஸ்ஓ தரமானது. எண் 14772. அதனால் 'விஆர்எம்எல்97' என்றும் சொல்வார்கள். கோப்பின் முதல் வரியிலேயே 'யூடிஎஃப்8' என்று எழுத வேண்டும். தமிழில் நாமெல்லாம் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் இவர்கள் யூனிகோடை முதல் வரியிலேயே போட்டுவிட்டார்கள்.

2.0-ல் காலம் வந்தது. நேரத்தைக் கணக்கிட ஒரு உணரி, அதிலிருந்து கோணத்தைக் கணக்கிட ஒரு இடைக்கணிப்பி, அங்கிருந்து பொருளுக்கு ஒரு "வயர்". மூன்றையும் இணைத்தால் அசையும். எங்கள் அறை ஃபேனுக்கு ஆரம்பம் 0, முடிவு ஒரு முழுச்சுற்று என்று எழுதினேன். ஃபேன் அசையவே இல்லை. இரண்டு சாயங்காலம், 80 ரூபாய் போச்சு. பிறகுதான் புரிந்தது: 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே நிலை. மென்பொருள் எப்போதும் குறுக்குவழியைத்தான் பிடிக்கும். இருக்கிற இடத்திலிருந்து இருக்கிற இடத்துக்கே போக எதற்கு அசைய வேண்டும்? சுற்றை மூன்றாகப் பிரித்து, 120, 240 என்று நடுவில் நிறுத்தங்கள் வைத்ததும் சுற்றியது. ரூம்மேட் பார்த்துவிட்டு, "டேய், நம்ம நிஜ ஃபேனை விட இது நல்லா சுத்துதுடா" என்றான். உண்மைதான், நிஜ ஃபேனுக்கு கண்டென்சர் போயிருந்தது.

அறை இருக்கிறது, ஆள் இல்லை

இவ்வளவு செய்தும் விஆர்எம்எல் உலகத்தில் ஒரு பெரிய குறை. உள்ளே வேறு யாரும் கிடையாது. நீங்கள் பார்க்கும் அதே நிமிஷம் நூறு பேர் அதே அறையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒருவருக்கு ஒருவர் தெரியமாட்டார்கள். கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இறங்கித் தனித்தனியாக ஓடுகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்ல நடுவில் ஒரு சர்வர் வேண்டும். தரத்தில் அதற்கு இடம் இல்லை. 'லிவிங் வேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் அதையும் தரப்படுத்த முயன்றார்கள், கைகூடவில்லை.

அந்த வேலையைத் தனித்தனிக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. அதில் பெரிய கதை ஆல்ஃபாவேர்ல்டு. சான்ஃபிரான்சிஸ்கோவின் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 1995 ஜூனில் திறந்தது, எழுதியவர் ரான் பிரிட்விச். இது விஆர்எம்எல் இல்லை. தனி பிரவுசர், தனி சர்வர். ஆனால் இரண்டு விஷயம் புதுசு: மற்றவர்கள் உருவத்தோடு கண்ணுக்குத் தெரிவார்கள், யார் வேண்டுமானாலும் காலி நிலத்தில் வீடு கட்டலாம்.

கட்டுவது செங்கல் அடுக்குவது போலத்தான். ஏற்கெனவே இருக்கும் சுவரையோ தூணையோ நகலெடுத்து நகர்த்த வேண்டும். வேறு பொருள் வேண்டுமென்றால் நகலின் பெயரை மாற்றினால் போதும். நிலம் பக்கத்துக்கு 655 கிலோமீட்டர், சுமார் 4,29,000 சதுர கிலோமீட்டர். கலிஃபோர்னியா அளவு என்று விளம்பரம் செய்தார்கள். வானத்திலிருந்து பார்ப்பது போல இதற்கு வரைபடங்களும் தயாரித்தார்கள். அவற்றில் ஊர் ஒரு நட்சத்திரம் மாதிரித் தெரியும். நடுவில் எல்லோரும் வந்து இறங்கும் இடம், அங்கிருந்து எட்டுத் திசையிலும் நீளும் கைகள். காரணம் எளிது: வடக்கு 500, கிழக்கு 500 என்று ஒரே எண்ணாக இருந்தால் முகவரி மறக்காது. யாரும் திட்டம் போடவில்லை, மனுஷ ஞாபகசக்தியே நகரத்தை வரைந்துவிட்டது. 1996 மே மாதம் அங்கே ஒரு கல்யாணமே நடந்தது.

மியூனிக்கில் பிளாக் சன் என்ற கம்பெனி வேறு வழியில் போனது. பெயர் நீல் ஸ்டீஃபன்சனின் 'ஸ்னோ க்ராஷ்' நாவலில் வரும் ஒரு மதுக்கூடத்தின் பெயர். 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லும் 1992-ல் வந்த அதே நாவலிலிருந்துதான். பிறகு 'பிளாக்ஸன்' என்று மாறிய இந்தக் கம்பெனி விஆர்எம்எல்லையே அடிப்படையாக வைத்து, ஆட்களை இணைக்கும் சர்வரை மட்டும் தன்னுடையதாக எழுதியது. அதன் மேல் ஓடிய 'சைபர்டவுன்' என்ற ஊரில் உறுப்பினருக்கு ஒரு வீடு, செய்வதற்கு ஒரு வேலை, சம்பளமாக ஊர்ப்பணம் எல்லாம் உண்டு.

இந்த ஊர்களில் உங்களைக் குறிக்கும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். நம் அவதாரம்தான். 1980-களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் கமோடோர் 64 கணினிக்காகச் செய்த 'ஹாபிடாட்' விளையாட்டில் சிப் மார்னிங்ஸ்டார் அந்தச் சொல்லை எடுத்து வைத்தார். மேலிருந்து இறங்கி வேறொரு உலகத்தில் உருவம் எடுப்பது என்ற பொருளை யோசித்தால், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

எங்கே தவறியது

1998-லேயே காற்று இறங்கிவிட்டது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் தன் காஸ்மோ பிரிவை பிளாட்டினம் டெக்னாலஜிக்கு விற்றது. பிளாட்டினம் இன்டர்விஸ்டாவையும் வாங்கியது. அடுத்த வருஷமே பிளாட்டினத்தை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் விழுங்கியது. காஸ்மோ பிளேயர், வேர்ல்டுவியூ என்று அன்றைய முக்கியமான இரண்டு பிரவுசர்களும் ஒரே கம்பெனியின் பரணில் போய்ச் சேர்ந்தன. அதோடு வளர்ச்சி நின்றது.

மோடம் வேகம், கணினி வேகம் என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் ஐந்தாறு வருஷத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் முப்பரிமாண வலை வரவில்லை. எனக்குத் தோன்றும் காரணம், ரயில் நேரம் பார்க்கவோ செய்தி படிக்கவோ யாருக்கும் நடந்து போக வேண்டிய அவசியம் இல்லை. கடைக்குள் நடந்துபோய் அலமாரியில் பொருள் தேடுவதைவிட, தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுவது சுலபம். நடந்து போவதில் சந்தோஷம் இருப்பது இரண்டே சந்தர்ப்பத்தில்தான்: போகிற இடம் செவ்வாய்க் கிரகம் மாதிரி வேறெப்படியும் போக முடியாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஆட்கள் இருக்க வேண்டும். விஆர்எம்எல் முதலாவதை நன்றாகச் செய்தது. இரண்டாவதை அது மற்றவர்களிடம் விட்டுவிட்டது.

எது பிழைத்தது

இப்போது என் சிடிக்குத் திரும்பி வருகிறேன்.

ஆட்கள் இருந்த ஊர்களுக்கு என்ன ஆனது? ஆல்ஃபாவேர்ல்டு கைமாறி, சுருங்கி, இருபது வருஷம் தாண்டியும் ஓடியது. அது ஒரு விதிவிலக்கு. சைபர்டவுன் 2012-ல் மூடப்பட்டது. கூகுள் 2008 ஜூலையில் 'லைவ்லி' என்று ஒன்றைத் தொடங்கி அதே டிசம்பரில் மூடியது. இப்படிப்பட்ட ஊர் ஒன்று மூடினால் நம் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வீடு நீங்கள் கட்டியதாக இருக்கலாம், நிலம் கம்பெனியுடையது.

கோப்புகளுக்கு என்ன ஆனது? விஆர்எம்எல்லைப் பார்க்கும் ப்ளக்-இன்களும் செத்துப்போயின. 2015-ல் க்ரோம் பழைய வகை ப்ளக்-இன்களை நிறுத்தியது, 2017-ல் ஃபயர்ஃபாக்ஸும். ஆனால் கோப்பு வடிவம் ஐஎஸ்ஓ தரமாக எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அதனால் யார் வேண்டுமானாலும் புதிதாக ஒரு வியூவர் எழுத முடிந்தது. நான் பயன்படுத்திய கேஸில் மாடல் வியூவரை எழுதியவர் போலந்துக்காரரான மிஹாலிஸ் கம்புரெலிஸ். காஸ்மோ பிளேயரின் ஒரு வரி நிரல்கூட அவருக்குத் தேவைப்படவில்லை, விவரக்குறிப்பு போதுமானதாக இருந்தது. விஆர்எம்எல்லின் வாரிசான எக்ஸ்3டி 2004-ல் ஐஎஸ்ஓ தரமானது, இன்றும் வளர்கிறது.

சைபர்டவுன் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. அதன் பழைய ரசிகர்கள் சிலர் ஊரை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம், அதன் தெருக்களும் கட்டடங்களும் விஆர்எம்எல் கோப்புகளாக இருந்தன. சர்வர் போனாலும் அந்தக் கோப்புகளை இன்றைய மென்பொருளால் படிக்க முடிகிறது. மூடிய வடிவத்தில் இருந்திருந்தால் ஆசை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

டோனி பாரிஸியும் விடவில்லை. 2011-ல் வெப்ஜிஎல் வந்து ப்ளக்-இன் இல்லாமலே பிரவுசரில் முப்பரிமாணம் ஓட ஆரம்பித்த பிறகு, 'ஜிஎல்டிஎஃப்' என்ற புதிய கோப்பு வடிவத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதன் முதல் பதிப்பு 2015-ல் வந்தது. லாபிரின்த்துக்கு இருபத்தொரு வருஷம் கழித்து, ஏறக்குறைய அதே வேலை. இன்று கடை இணையதளத்தில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. அதில் 'ஜிஎல்பி' என்று ஒரு வகை உண்டு. உருவம், நிறம், மேலே ஒட்டும் படம் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். 1999-ல் எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் சச்சின் சுவரை விட்டுப் போயிருக்கமாட்டார்.

2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் கம்பெனிப் பெயரையே மெட்டா என்று மாற்றியது. அப்போது எல்லோரும் கேட்டது, இது ஓடுமா ஓடாதா என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கடையை மூடும்போது நாம் கட்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்பது. முடியும் என்று யாராவது சொன்னால், எந்தக் கோப்பு வடிவத்தில் என்று கேளுங்கள்.

அறையின் கோப்பை அந்த ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறான். திறந்து பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணினான். "ஃபேன் இன்னும் சுத்துதுடா! ஆனா என் கட்டிலுக்கு மேல சச்சின் எங்கடா?" என்றான். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் போஸ்டரை ஸ்கேன் பண்ணக் கொடுத்தது நான்தானே, வீட்டுல தேடிப் பார்க்கிறேன்" என்றான். இன்னும் பதில் வரவில்லை.

கிடைத்தால் சுவரில் ஒட்டிவிடுவேன். இந்த முறை முகவரி எழுதப்போவதில்லை, படத்தையும் அதே ஃபோல்டரில் கோப்போடு சேர்த்தே வைப்பேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய சிடி இருந்தால், வெள்ளிப்பூச்சு உரிவதற்குள் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.